மழை கீழேயிருந்து பெய்த பெட்டி

அத்தையின் கைக்கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால். உலகத்துக்கு இரண்டு முப்பத்தைந்து. அது மாமாவின் கடிகாரம். பத்து நிமிஷம் முன்னால் ஓடும். இருந்தவரை மாமா அதைத் திருத்தவில்லை. அவர் போன பிறகு அத்தையும் திருத்தவில்லை. துப்பறியும் நிலையத்தின் பெயர்ப்பலகையில் இன்றைக்கும் மாமா பெயர்தான் இருக்கிறது. துப்பறிவது அத்தை. பை தூக்குவது மருமகன்.

"மாமியாரைக் கண்டா ஓடுற மருமகனை ஊர்ல பார்த்திருக்கேன். மாமியார் பின்னாலயே ஓடுற மருமகன் நான் ஒருத்தன்தான் அத்தை," என்றார் மருமகன், நிலவளத் துறை அலுவலகத்தின் படிகளில் மூச்சு வாங்கியபடி.

"பேசாம ஏறினா மூச்சு வாங்காது மாப்பிள்ளை."

"பேசாம இருந்தா எனக்கு மூச்சே நின்னுடும்."

வாசலுக்கு உள்ளே, பார்வையாளர் பெஞ்சில் அவர்களுக்காக ஒரு பெண் காத்திருந்தார். நாற்பது வயது, வெயிலில் காய்ந்த முகம், நகக்கண்ணில் செம்மண். அந்த அலுவலகத்தின் நிலவியல் நிபுணர். இருபது வருஷமாகக் கல்லோடு குடித்தனம் நடத்துவதால் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் கல்லக்கா. பதினொரு நாளாக அவரை அலுவலகத்துக்குள் விடவில்லை. அந்த பெஞ்சுதான் அவருக்கு அனுமதிக்கப்பட்ட கடைசி இடம்.

"நாலு மணிக்கு விசாரணைக் கூட்டம்மா," என்றார் கல்லக்கா. "நான் கல்லையே பார்க்காம வீட்ல உட்கார்ந்து கதை எழுதினேன்னு குற்றச்சாட்டு. வேலை போறது இருக்கட்டும். நாலரைக்கு அந்தக் குன்று மேல தண்ணித் தொட்டி கட்டக் கையெழுத்துப் போடறாங்க. குன்றுக்கு அடியில இருநூறு வீடு இருக்கு."

"தொட்டி கட்டினா வீட்டுக்கு என்ன?" என்றார் அத்தை.

கல்லக்கா பெஞ்சின் ஓரத்தில் கிடந்த பழைய செய்தித்தாள்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"துவைச்சு மடிச்சு அடுக்கின துணி மாதிரிதான் அந்தக் குன்று. அடியில இருக்கறது முதல்ல மடிச்சது. முதல்ல ஆத்து மணல் வந்து படிஞ்சிருக்கு, அது மணற்பாறை. அதுக்கு மேல சேத்துப் பாறை, கடல் ஓரத்துச் சேறு இறுகினது. அப்புறம் எங்கேயோ எரிமலை வெடிச்சுச் சாம்பல் வந்து விழுந்திருக்கு. அது மக்கிப் பச்சையா ஒரு களிமண் ஆயிடுச்சு. ஒன்பதே சென்டிமீட்டர். அதுக்கு மேல கடல் ஏறி வந்து சுண்ணாம்புப் பாறை, சிப்பியும் கிளிஞ்சலுமா. எங்க துறையில எழுதறப்பவும் இந்த வரிசைதான். அடியிலிருந்து ஆரம்பிப்போம். முதல்ல வந்தது முதல்ல."

"அந்த ஒன்பது சென்டிமீட்டர்தான் வில்லனா?" என்றார் மருமகன்.

"தண்ணி பட்டா அந்தக் களிமண் உப்பும், வழுக்கும். அடுக்கு மொத்தமும் ஊர்ப்பக்கமாச் சாய்ஞ்சிருக்கு. தொட்டி கொஞ்சம் கசிஞ்சாப் போதும்." கல்லக்கா செய்தித்தாள் அடுக்கை லேசாகச் சாய்த்தார். மேலிருந்த பாதி சரசரவென்று வழுக்கி மருமகன் மடியில் விழுந்தது.

மருமகன் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார்.

"குன்றைத் துளைபோட்டு எடுத்த கல்லையெல்லாம் கிடங்குல ஒரு பெட்டியில அடுக்கி வச்சிருக்கு. இப்ப அந்தப் பெட்டியில களிமண்ணே இல்லையாம். கல்லு வரிசையும் நான் எழுதினதுக்கு நேர் தலைகீழா இருக்காம். நான் பார்த்த கல்லும்மா. தொட்டு, நக்கிப் பார்த்து எழுதினேன்."

"நக்கியா?"

"சேறா மணலான்னு நாக்குக்குத்தான் தெரியும்."

அத்தை விசாரணைக் கடிதத்தை வாங்கினார். படிக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தட்டச்சு செய்த ஒரே பக்கத்தில் ஏழு இடத்தில் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தது.

"கடுதாசிக்குத் தேமல் வந்திருக்கு," என்றார் மருமகன்.

"உங்க ஆபீஸ் டைப்பிஸ்ட் புதுசா?"

"இல்லைம்மா, முப்பது வருஷம். அவர் அடிச்ச தாளில ஒரு தப்புக் கண்டுபிடிச்சாப் பரிசு தரலாம்."

அத்தை கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்ப நமக்கு ஏழு பரிசு வரணும். வாங்க மாப்பிள்ளை."

கல் கிடங்கு அலுவலகத்தின் பின்பக்கத்தில், நீளமான தகரக் கொட்டகை. தரையிலிருந்து கூரைவரை இரும்புத் தட்டுகள். தட்டு நிறைய ஆழமில்லாத மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு தடம். தடத்துக்குள் குன்றைத் துளைபோட்டு எடுத்த உருளைக் கற்கள், மெழுகுவத்திக் கட்டு போலப் படுத்திருந்தன.

கிடங்குக்காரர் பதினேழாம் பெட்டியை மேஜைமேல் இறக்கி வைத்தார். தொட்டி கட்டப்போகும் எஞ்சினியரும் வந்திருந்தார். வந்திருந்தார் என்றால் வாசற்படிவரை. மூக்கில் கைக்குட்டை.

"உள்ளே வாங்க சார்," என்றார் மருமகன்.

"கல்தூசி எனக்கு ஆகாது," என்று சொல்லி எஞ்சினியர் மூன்று தும்மல் போட்டார். "இங்கேயிருந்தே சொல்றேன். அந்தம்மா மணற்பாறை அடியில, சுண்ணாம்பு மேலன்னு எழுதியிருக்காங்க. பெட்டியில மணற்பாறை மேல, சுண்ணாம்பு அடியில. களிமண் கண்ணுக்கே தெரியலை. டைரக்டரோட வந்து பார்த்தேன், அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேன். இதில துப்பறிய என்ன இருக்கு?"

"இந்தப் பெட்டியை எப்படிங்க படிக்கிறது?" அத்தை கிடங்குக்காரரைக் கேட்டார்.

"கடுதாசி படிக்கற மாதிரிதாம்மா. இடது மேல் மூலையில இருக்கறது மேல் கல்லு. வலப்பக்கமாப் போய், அடுத்த தடம், அதுக்கடுத்த தடம். வலது கீழ் மூலை வந்தா அதுதான் ஆழம். ஆழம் எவ்வளவுன்னு பெட்டி விளிம்பில பெயின்ட்ல எழுதியிருக்கும்."

"கல்லுமேல எழுத மாட்டீங்களா?"

"அம்புக்குறி போடணும்னு கல்லக்கா கேட்டுட்டே இருக்காங்க. பெயின்ட் வாங்க எழுதிப் போட்டு எட்டு மாசமாச்சு."

மருமகன் இரண்டாம் தடத்திலிருந்து சாம்பல் நிறக் கல் ஒன்றை மெல்ல உயர்த்தினார். உருளையின் ஒரு தட்டை முகம் முழுக்கச் சின்னச் சின்னக் குழி. "ஐயோ பாவம், இதுக்கு அம்மை போட்டிருக்கே."

"அது மழைங்க. ஈரச் சேத்துல தூறல் விழுந்த தடம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தியாம். சேறு காஞ்சு, மேல வேற சேறு மூடி, அப்படியே கல்லாயிடுச்சுன்னு கல்லக்கா சொல்லுவாங்க."

"மழையா!" மருமகன் கல்லை இருந்தபடியே வைத்துப் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். "ஏங்க, வலப்பக்கம்தானே ஆழம்னு சொன்னீங்க? குழி அந்தப் பக்கம்ல பார்த்துட்டு இருக்கு. அந்தக் காலத்துல மழை பூமிக்குள்ளேயிருந்து மேல்நோக்கிப் பெஞ்சுதா? குடையைத் தலைகீழாப் பிடிச்சிருப்பாங்களோ?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். கிடங்குக்காரரும் சிரித்தார். வாசலில் எஞ்சினியர்கூடச் சிரித்துத் தும்மினார்.

அத்தை சிரிக்கவில்லை. பார்வையாலேயே மருமகன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மாப்பிள்ளை, பத்து வருஷமா உங்க வாயைச் சகிச்சுக்கிட்டதுக்கு இன்னைக்குத்தான் பலன். இன்னொரு தடவை சொல்லுங்க."

"குடையைத் தலைகீழா..."

"அது வேண்டாம். அதுக்கு முந்தினது."

மருமகன் வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "மழை கீழேயிருந்து மேல பெய்யாது. அப்படின்னா... கல்லக்கா எழுதினது தலைகீழ் இல்லை. பெட்டிதான் தலைகீழ்."

"பெட்டியைத் திருப்பி வச்சிருப்பாங்க," என்றார் எஞ்சினியர், சிரிப்பை நிறுத்தி.

"திருப்பி வச்சா விளிம்பு எழுத்தும் தலைகீழாத் தெரியணுமே சார். எழுத்து நேரா இருக்கு. கல்லு மட்டும் திரும்பியிருக்கு. யாரோ மொத்தக் கல்லையும் வெளியே எடுத்திருக்காங்க, இல்லை கொட்டியிருக்காங்க. திரும்ப அடுக்கியிருக்காங்க." அத்தை குனிந்து ஒவ்வொரு தடமாகப் பார்த்தார். "கெடுக்கணும்னு நினைச்சவன் இப்படி அடுக்க மாட்டான். உடைஞ்ச வாய்க்கு வாய் பொருத்தி வச்சிருக்கு, பீங்கான் ஒட்டற மாதிரி. பயந்த கை. ஆனா அக்கறையான கை."

"நான் இல்லைம்மா," என்றார் கிடங்குக்காரர் அவசரமாக.

"நீங்க இல்லை. தூக்கத்தில எழுப்பிவிட்டாலும் மேல் கல்லை இடது மூலையில வைப்பீங்க. துளை போடறவங்களும் அப்படித்தான். கல்லக்காவோட ஆளுங்கன்னா ரிப்போர்ட் அடியிலிருந்து தொடங்கும்னு தெரியும். இதை அடுக்கினவருக்கு ரிப்போர்ட் அட்சரம் பிசகாமத் தெரிஞ்சிருக்கு. ஆனா முதல் வரிதான் அடிக் கல்லுன்னு மட்டும் தெரியலை. முதல் வரியில மணற்பாறைன்னு இருந்துச்சு, முதல் தடத்துல மணற்பாறையை வச்சுட்டார்."

மருமகன் விரலை மடக்கினார். "ரிப்போர்ட் கையில இருக்கணும். நிலவியல் தெரியக் கூடாது. கல்லக்கா சொன்ன கணக்குப்படி காப்பி மொத்தம் மூணு. ஒண்ணு கல்லக்கா, ஒண்ணு டைரக்டர், மூணாவது..." நாடகத்தில் வருவது போல வாசல் பக்கம் திரும்பினார். "தும்மல் திலகம்! தொட்டி கட்டணும்னா களிமண் காணாமப் போகணும். சார், கதை முடிஞ்சுது!"

எஞ்சினியர் முகம் சிவந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார், தும்மல்தான் வந்தது. ஒன்பது தும்மல். கிடங்குக்காரர் பரிதாபப்பட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"அவரா? டைரக்டரோட வந்தப்பவும் படியைத் தாண்டலைங்க. நான்தான் ஒவ்வொரு கல்லா வாசலுக்குத் தூக்கிட்டுப் போய்க் காட்டினேன்."

"மாப்பிள்ளை, அவர் இந்தப் பெட்டியைக் கொட்டியிருந்தா இன்னைக்கு வரைக்கும் ஆஸ்பத்திரியில இருந்திருப்பார்," என்றார் அத்தை. "மன்னிப்புக் கேளுங்க."

"மன்னிச்சுடுங்க சார். நல்லா இருங்க. ஆவி பிடிங்க."

மருமகனின் அதிரடிக் கண்டுபிடிப்பு இப்படி அல்பாயுசில் போனதும், அத்தை கிடங்குக்காரரிடம் பொறுமையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சமீபத்துல இங்க வினோதமா ஏதாவது நடந்துச்சா?"

"ஒண்ணும் இல்லைம்மா." தலையைச் சொறிந்தார். "ஒரு நாள் சாப்பிட்டுட்டு வந்தா தரை பெருக்கியிருந்துச்சு. நான் பெருக்கலை. ஆபீஸ்ல வேற யாரும் பெருக்கற ஜாதகமே இல்லை. சரி, நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

"சாவி?"

"ஆணியில மாட்டிட்டுத்தான் போவேன். வராந்தாவுல, டைப்பிஸ்ட் அறைக்கு எதிர்ல."

அத்தையும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு காப்பி இல்லை அத்தை," என்றார் மருமகன். குரலில் கிண்டல் இறங்கியிருந்தது. "நாலாவது ஒண்ணு இருக்கு. அடிச்சவர் தலைக்குள்ள."

டைப்பிஸ்ட்டின் அறை ஒரு ஜன்னல் அகலம்தான். மேஜை, இயந்திரம், காகிதக் கட்டு. ஜன்னல் விளிம்பில் மூன்று சின்ன மண்சட்டிகளில் செடித்துண்டு. இரண்டு சட்டி பழசு, நன்றாக இருந்தன. மூன்றாவது புதுசு, அது மேலிருந்து கீழ்வரை பிளந்து, தட்டச்சு ரிப்பனால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. பிளவின் வழியே பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஏதோ பிதுங்கி நின்றது.

இயந்திரத்தின் முன் ஒல்லியான, வழுக்கைத் தலை மனிதர். ஒரு தாளைச் செருகி வைத்துக்கொண்டு எதையும் அடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சட்டி அழகா இருக்குங்க," என்றார் அத்தை, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து. "புதுச் சட்டி ஏன் வெடிச்சுது?"

"தெரியலைங்க. தினமும் கொஞ்சம்தான் தண்ணி ஊத்தினேன்."

"உள்ளே என்ன மண்ணு?"

அவர் சட்டியை விட்டுப் பார்வையை இயந்திரத்துக்குத் திருப்பினார். அத்தை விரல் நுனியால் பிதுங்கியதைத் தொட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். சோப்பு போல வழுக்கியது. மருமகனிடம் நீட்டினார். "நக்கிப் பாக்கறீங்களா?"

"அதுக்கு வேற மருமகனைப் பாருங்க."

ஒரு சிரிப்பு மாதிரி ஒன்று டைப்பிஸ்ட்டின் முகத்தில் வந்து, அழுகையாக மாறிப் போனது.

"அந்த ஒரு வரிதான் என்னைக் கெடுத்துச்சும்மா," என்றார். "முப்பது வருஷமாக் கல்லு கல்லாத்தான் அடிச்சிருக்கேன். ஒரு கல்லையும் பார்த்ததில்லை. எல்லாம் தடிமன் இவ்வளவு, நிறம் இதுன்னு இருக்கும். கல்லக்கா ரிப்போர்ட்ல ஒரு வரி. 'இந்தப் பரப்பில் சிறு தூறல் விழுந்திருக்கிறது. குழிகளின் ஒரு பக்க விளிம்பு உயர்ந்திருப்பதால், அப்போது காற்றும் வீசியிருக்கிறது.' அடிச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். மனுஷனே இல்லாத காலத்துல பெஞ்ச தூறல் நம்ம ஆபீசுக்குப் பின்னால ஒரு பெட்டியில இருக்குன்னா, போய்ப் பார்க்காம எப்படிம்மா இருக்கறது?"

கிடங்குக்காரர் சாப்பிடப் போன நேரம். ஆணியில் சாவி. பெட்டியைத் தட்டிலிருந்து இழுத்திருக்கிறார். அது அவர் நினைத்ததைவிட மூன்று மடங்கு கனம். கை நழுவியது. கற்கள் சிதறின. மனப்பாடமாக இருந்த ரிப்போர்ட்டை வாயால் சொல்லிச் சொல்லி, முதல் வரிக்கு முதல் தடம், அடுத்த வரிக்கு அடுத்தது என்று பொருத்தி வைத்தார். களிமண் மட்டும் அகப்படவில்லை. அது காய்ந்து போயிருந்ததால் விழுந்த வேகத்தில் பொடியாகிவிட்டது.

"பெருக்கி எடுத்தேன். குப்பையில போட மனசு வரலை. சட்டியில போட்டு அழுத்தி ஒரு செடி வச்சேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். மறு வாரம் டைரக்டர் கூப்பிட்டு ஒரு கடுதாசி அடிக்கச் சொன்னார். கல்லக்காவுக்கு விசாரணை நோட்டீஸ். என் கையாலயே அடிச்சேன்."

"ஏழு தப்போட," என்றார் அத்தை.

"எண்ணினீங்களா?"

"உங்க கை எண்ணிச் சொல்லுச்சு."

"தினமும் போய்ச் சொல்லணும்னு எழுந்திருப்பேன். திருட்டுத்தனமா நுழைஞ்சவன்னு ஆயிடுமேன்னு உட்கார்ந்துடுவேன். இன்னைக்கும் காலையிலிருந்து தாளைச் செருகி வச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். ஒரு எழுத்து வரலை."

மருமகன் அத்தையின் மணிக்கட்டைப் பார்த்துத் துள்ளினார். "அத்தை! நாலு! நாலு ஆயிடுச்சு! சட்டியைக் குடுங்க, நான் ஓடறேன். நாமளே போய்ச் சொல்லிடலாம்."

"உட்காருங்க மாப்பிள்ளை. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு." அத்தை கடிகாரத்தின் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "எங்க வீட்டுக்காரர் எனக்கு விட்டுட்டுப் போனது இந்தப் பத்து நிமிஷம்தான். தினமும் வரும். சும்மா செலவு பண்ண மாட்டேன்." டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். "நாங்க சொன்னா நீங்க பிடிபட்ட ஆள். நீங்களே சொன்னா வேற. இதை உங்களுக்குத் தர்றேன். அடிங்க."

அவர் விரல்களைப் பொத்தான்கள்மேல் வைத்தார்.

"எங்கேயிருந்துங்க ஆரம்பிக்கிறது?"

"அடியிலிருந்து," என்றார் அத்தை. "முதல்ல நடந்தது முதல்ல."

பிறகு இயந்திரம் சடசடவென்று பொழிய ஆரம்பித்தது. முதல் வரியை மருமகன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்: 'எனக்கு மழையைப் பார்க்க ஆசை வந்தது.'

கூட்ட அறைக்குள் டைப்பிஸ்ட் தனியாகத்தான் போனார். ஒரு கையில் தாள், மறு கையில் ரிப்பன் சுற்றிய சட்டி. உள்ளே நடந்ததைக் கிடங்குக்காரர் கதவிடுக்கில் காது வைத்துக் கேட்டு வெளியே ஒலிபரப்பினார். டைரக்டர் தாளைப் படித்தாராம். களிமண் உண்மையிலேயே இவ்வளவு உப்புமா என்று சந்தேகமாகக் கேட்டாராம். டைப்பிஸ்ட் வாயால் பதில் சொல்லாமல் ரிப்பனை அவிழ்த்தாராம். டைரக்டரின் மேஜைக் கண்ணாடிமேல் சட்டி இரண்டாகப் பிரிந்து விழுந்ததாம்.

"ஒன்பது சென்டிமீட்டருக்கே சட்டி தாங்கலைன்னா குன்று என்னாகும்னு எஞ்சினியரே கேட்டாருங்க," என்றார் கிடங்குக்காரர் ஆச்சரியமாக. "கையெழுத்துப் போட மாட்டேன், வேற இடம் பாருங்கன்னு சொல்லிட்டார்."

"தும்மினாரா?"

"ஒரு தடவை."

நாலரைக்குக் கல்லக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். ஐந்துக்கு வெளியே வந்தார். வேலை திரும்பி வந்திருந்தது. டைப்பிஸ்ட்டுக்கு எழுத்துமூலம் ஒரு கண்டிப்பு. அதை அடிக்க வேறு ஆள் இல்லாததால் நாளைக் காலையில் அவரே அடித்துக்கொள்ள வேண்டும்.

வராந்தாவில் அவரைக் கண்டதும் கல்லக்கா நின்றார். பதினொரு நாள் பெஞ்சில் உட்கார்ந்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. டைப்பிஸ்ட் தரையைப் பார்த்தார்.

"பதினொரு நாள்ண்ணே," என்றார் கல்லக்கா. "தினமும் என்னைத் தாண்டித்தானே உள்ள போனீங்க?"

"ஆமாம்மா."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எடுத்துக் காட்டியிருப்பேனே!"

கல்லக்கா விடுவிடுவென்று கிடங்குக்குள் போனார். போன வேகத்தைப் பார்த்து மருமகன், "கல்லால அடிக்கத்தான் போறாங்க," என்று முணுமுணுத்தார். கல்லக்கா திரும்பி வந்தார். கையில் அந்தச் சாம்பல் நிறக் கல். அதை டைப்பிஸ்ட்டின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தார்.

"அப்படி இல்லை. குழி மேல் பக்கம் இருக்கணும். ம்ம். இப்ப ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பாருங்க. எந்த விளிம்பு உயரமா இருக்கு?"

அவர் கல்லை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். கண்ணைச் சுருக்கினார். கட்டைவிரலால் குழிகளின் ஓரத்தைத் தடவினார்.

"இந்தப் பக்கம்," என்றார் கடைசியில், மெதுவாக. "காத்து அங்கேயிருந்து இங்கே வீசியிருக்கு."

படியிறங்கும்போது மருமகன் கேட்டார்: "அத்தை, இப்ப மணி என்ன?"

அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். சாவி கொடுத்தார். முள்ளைத் தொடவில்லை.

"அஞ்சே கால்."

"உலகத்துக்கு?"

"அது உலகத்தோட பாடு," என்றார் அத்தை. "பையைத் தூக்குங்க."